பைன் மரத்தடி வராகன்

என்ரை இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்ல வாய் வராது. எழுதச் சொன்னால் எழுதுவேன், சொல்லச் சொன்னால் மாட்டேன். நீங்கள் போய்ப் பதினாறு மாதமாகிறது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. போன மாதம்வரை போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கதை கடைசியில்.

சிட்னியில் நம்மவர்கள் ரோனியோ மெசினில் அடித்துத் தபாலில் அனுப்புகிற இதழுக்கு உங்கள் நினைவாக ஏதாவது தரச் சொன்னார்கள். ஒரு படம், பிறந்த ஊர், கீழே ‘ஆறாத்துயரில் வாடும் மனைவி’. அதெல்லாம் வேண்டாம், அவருக்கே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், பெயரும் படமும் போடக் கூடாது என்றேன். முகத்தைச் சுளித்தார்கள். துயரம் இருக்கிறதுதான். ஆனால் கோபம் அதைவிடக் கூட இருக்கிறது. வாடுவதற்கு எனக்கு நேரமில்லை.

முதலில் ஊர்ப் புதினம். வெஸ்ட்மீட்டில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் நகரசபைக்காகக் குழாய் வரைபடம் கீறிய தெருக்களை எல்லாம் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வருடம் முடிந்து செய்த உங்கள் ஆட்டைத் திவசத்துக்குப் படைத்த சோற்றுக்குக் காகம் வரவில்லை, இந்த ஊர் மக்பைப் பறவைதான் வந்தது. கத்தரிக்காயைத் திரும்பியும் பார்க்காமல் வடையைத் தூக்கிக்கொண்டு போனது. உங்களுக்கும் கத்தரிக்காய் ஆகாது. சரியான ஆள்தான் வந்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உங்கள் டிடெக்டரை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! நீளத் தடி, நுனியில் தட்டு, காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி. சனிக்கிழமை விடிந்தால் நான் மருந்துக்கடை வேலைக்குப் போவேன், நீங்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பரமட்டாவின் பழைய வீடுகளுக்குப் போவீர்கள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது கத்தும். பாதி நாள் பியர் டின் மூடியின் வளையத்துக்குத்தான் கத்தியது. ‘பீப் தடி’ என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். கட்டின மனுசியைவிட அது சொல்வதைத்தான் காது கொடுத்துக் கேட்கிறீர்கள் என்றும் சொன்னேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். “காசு ஆக்கள் குனியிற இடத்திலதான் விழும்,” என்று எனக்குப் பாடம் எடுப்பீர்கள். உடுப்புக் காயப்போடும் கொடியடி, கிணற்றடி, சமைக்கிற குசினியின் படி. குழி தோண்டுவதிலும் உங்களுக்கு ஒரு முறை இருந்தது. புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கடித உறையின் மூடிபோல் மடித்துத் திறப்பீர்கள். எடுத்த பொருளின் இடத்தை இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதுவீர்கள். மூடுவதற்கு முன் அந்த வருடத்து ஒரு சதத்தை, பறக்கும் அணில் போட்ட அந்தச் செம்புச் சதத்தை, குழிக்குள் வைப்பீர்கள்.

“எடுத்தா ஒண்டை வைக்க வேணுமப்பா. பிறகு வாறவன் தனக்கு முதல் ஒருத்தன் வந்தவன் எண்டு அறியட்டும்.”

மூடிய பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. அந்தச் சுத்தம்தான் பிறகு உங்கள் கழுத்துக்கே கத்தியாக வந்தது.

வாசிக்கிறவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். பரமட்டா நகரத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய செங்கல் வீட்டைத் திருத்திக் காட்சிக்கு வைத்தார்கள். கொல்லையில் தேட உங்களுக்கு அனுமதி தந்தார்கள். கிடைப்பதெல்லாம் வீட்டுக்கே என்பது ஒப்பந்தம். நீங்கள் சந்தோசமாகத் தலையாட்டினீர்கள். சட்டைப் பொத்தான், சப்பாத்துக் கொளுவி, தையல் விரலுறை, ராணியின் தலை போட்ட பென்னி என்று எத்தனையோ எடுத்துக் கொடுத்தீர்கள். எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. ஒன்றுக்கும் ஒரு கேள்வி வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மருந்துக்கடைக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். தெருப் பெட்டியிலிருந்து, மூச்சு வாங்க.

“இஞ்சேரும், மண்ணுக்குள்ள இருந்து தமிழ் வந்திருக்கு! வெள்ளிக் காசு. ஒரு பக்கம் கோபுரம். மற்றப் பக்கம் சாமி, சாமியைச் சுத்தித் தமிழ் எழுத்து. வராகன் எண்டு வாசிக்கலாம்!”

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? “வரேக்க ராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

கும்பெனிக்காரன் மதராசில் அடித்த காசு அது. அதை அன்றைக்கே அந்தக் காட்சி வீட்டை நடத்துகிற குழுவின் தலைவரிடம் கொடுத்தீர்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டாராம்: உங்கள் ஊர் எழுத்து உள்ள காசு, உங்கள் பையிலிருந்து விழுந்ததாக இருக்காதா? தோட்டக்காரரும் வந்து பார்த்துவிட்டு, இங்கே குழி தோண்டிய அடையாளமே இல்லை, புல் குலையவில்லை என்றாராம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

பாணோடு வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னீர்கள். நான் அவர்களைத் திட்டியிருக்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் நீளுகிற என் வாய் அன்றைக்கு எங்கே போனது? யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த பழங்காசுகள் அலுமாரிக்கு மேல் பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் இருப்பது எனக்குத் தெரியும். அதை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்டேன்: “உங்கட பெட்டியில இருந்தது பொக்கற்றுக்க கிடந்து விழுந்திருக்குமோ?”

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

“நீருமோ?”

அவ்வளவுதான். அதன் பிறகு அந்தக் காசைப் பற்றி நீங்கள் பேசவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தீர்கள். நல்லதென்று நினைத்தேன், பாவி. மூன்றாம் வாரம் பேருந்துத் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. கேட்ட கேள்வியைத் திருப்பி எடுக்க எனக்கு இன்னொரு நாள் தராமல் போய்விட்டீர்கள். அதற்கும் உங்களோடு கோபம்தான்.

உங்கள் குறிப்புப் புத்தகத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். நாடே மீற்றருக்கு மாறியும் நீங்கள் அடியை விடவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது: ‘குசினிப் படி மூலையிலிருந்து பதினெட்டு அடி. பைன் மரத்திலிருந்து பதினொன்று. ஆழம் ஏழு அங்குலம். எழுத்து தமிழ். கை நடுங்குது.’ மற்றப் பக்கங்களில் அளவு மட்டும்தான் இருக்கும். கை நடுங்கியது இந்த ஒன்றுக்குத்தான்.

நகரத்துப் பெரிய நூலகத்துக்கும் போனேன். இந்த ஊரின் ஆரம்ப காலத்தில் சொந்தக் காசே கிடையாதாம். கப்பல் எதைக் கொண்டுவந்ததோ அதுதான் காசு. எந்தக் காசு என்ன பெறும் என்று அன்றைய ஆளுநர் போட்ட பட்டியலில் வராகனும் இருக்கிறது, ரூபாயும் இருக்கிறது. எங்களுக்கு எவ்வளவோ முந்தி, விசா கேட்க ஆளில்லாத நாளில் வந்து இறங்கிவிட்டது அந்தக் காசு. அதைத்தான் நாங்கள் கொண்டுவந்தோமாம்!

திவசத்துக்கு மெல்பேணிலிருந்து உங்கள் தம்பி குகன் வந்திருந்தார். மறுநாள் சனிக்கிழமை. தலைவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பீப் தடியோடு குகனையும் அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேலை, மேலே கம்பளிச் சட்டை, காலில் இரண்டு காலுறை போட்டு உங்கள் சப்பாத்து. தலைவரும் தோட்டக்காரரும் வீட்டுத் திறப்புக் கொத்து வைத்திருக்கிற வெள்ளைக்கார அம்மாவும் வந்து நின்றார்கள்.

தடியைத் தாழ்த்தினேன், கத்தியது. உயர்த்தினேன், அப்போதும் கத்தியது. வானத்தைக் காட்டினாலும் கத்தியது. தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகுதான் விளங்கியது, தட்டைச் சரிசெய்யக் குனியும்போதெல்லாம் என் காப்பு அதற்குக் கிட்டப் போகிறது. நீங்கள் போன அன்று கழற்றச் சொல்லி நின்ற பெண்களிடம், கழற்ற மாட்டேன், அவர் போட்ட காப்பு என்று சண்டை பிடித்தவள் நான். பைன் மரத்தடியில் நானாகவே கழற்றிக் குகன் கையில் கொடுத்தேன். உங்களுக்காகத்தான் போட்டிருந்தேன், உங்களுக்காகத்தான் கழற்றினேன்.

இரண்டு அளவுநாடாவும் சந்தித்த இடத்தில் தடி திரும்பவும் கத்தியது. புல்லில் ஒரு கீறல்கூட இல்லை. கத்தியை இறக்கினேன். மூன்று பக்கம் இலேசாக விட்டது, நாலாவது பக்கம் மடிந்தது. ஏழு அங்குலத்தில் உங்கள் ஒரு சதம், அணில் மேலே பார்த்தபடி கிடந்தது. வருடத்தை வாசியுங்கள் என்று தலைவரிடம் நீட்டினேன். வாசித்தார், நீங்கள் தோண்டிய அதே வருடம். தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

நான் அழவில்லை. குகன்தான் அழுதார்.

அந்தத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எரிச்சல். உங்கள் கணவர் இங்கே தோண்டியது உண்மைதான், நான் சொன்னது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ஆனால், என்றார். தோண்டினார் என்பதற்குத்தானே இது சாட்சி, எதை எடுத்தார் என்பதற்கு இல்லையே? பிறகு குரலைத் தாழ்த்தி, இது உங்கள் குடும்பச் சொத்து என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள், நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று காசையும் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார்.

முதன்முதலாக அன்றுதான் அதைத் தொட்டேன். சின்னக் கோபுரம். உங்கள் கை கடைசியாகத் தேடி எடுத்த பொருள். எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு வேண்டும்போல் இருந்தது.

“போடுங்கோ அண்ணி,” என்றார் குகன். “வெள்ளையளோட என்னத்துக்கு மல்லுக்கட்டு? வாங்கிக்கொண்டு வாங்கோ.”

“போட்டா அவர் கொண்டுவந்து போட்டவர் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி.”

“அப்ப வீட்டை போய்ப் பெட்டியைத் திறப்பம். அண்ணா ஒவ்வொரு காசையும் பொட்டலம் கட்டிப் பேர் எழுதித்தானே வைச்சிருப்பார். வெறும் பொட்டலம் இல்லையெண்டா விசயம் முடிஞ்சுது. இவைக்கும் காட்டலாம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. பெட்டியைத் திறந்து காட்டினால் வாயை அடைக்கலாம். ஆனால் திறப்பது என்றால் நான் இன்னொரு முறை உங்களிடம் கேட்பது. நீங்கள் இன்னொரு முறை கோப்பையைக் கீழே வைப்பது. பென்னிக்குப் பெட்டி திறக்கச் சொன்னார்களா? பொத்தானுக்குச் சாட்சி கேட்டார்களா? அதே ஆள், அதே தடி, அதே புத்தகம். ராணியின் தலைக்கு நம்பிக்கை, எங்கள் எழுத்துக்குச் சந்தேகமா? இதையெல்லாம் தலைவர் முகத்துக்கு நேரே எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். பட்டியலின் நகலையும் மேசையில் வைத்தேன். காசு இங்கேயே இருக்கட்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பெயரும் ஆழமும் எழுதிய அட்டையோடு வையுங்கள், அதுவரை என் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் அதை ஒரு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போகிறேன். வராகனைப் பார்க்க வேண்டும் என்பேன். கேட்டால் காட்டத்தான் வேண்டும். அந்த அம்மா திறப்பை எடுப்பார், லாச்சி திறக்கும், பத்து நிமிடம் பார்ப்பேன், வருவேன். இப்போது என் தலை தெரிந்தால் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிடுகிறார்.

போன மாதம் அந்த அம்மா லாச்சியைத் திறந்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தார். “இதைக் கண்டெடுத்தவரின் பெயர் என்ன?” என்று கேட்டார்.

பென்சிலுக்குக் கை நீட்டப் போனேன், எழுதிக் காட்டுவதுதானே என் வழக்கம். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். இஞ்சாருங்கோ, உங்கள் பெயரை வாய் திறந்து சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன், வெளியில் நின்ற தோட்டக்காரருக்கும் கேட்டிருக்கும். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் எழுதியதை எங்கே வைத்தார், தலைவர் அதைப் பார்த்தாரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு இவர் பெயர் தெரியவேண்டுமென்றால் பரமட்டாவுக்குப் போங்கள். வராகனைக் காட்டச் சொல்லுங்கள். லாச்சி திறந்துகொண்டே இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு சத்தியம். அட்டையில் உங்கள் பெயர் ஏறாமல் அந்தக் காசு இந்த வீட்டுப் படியேறாது. நான் எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஏறாது. தகரப் பெட்டி அலுமாரிக்கு மேல் அப்படியே இருக்கிறது. தூசி தட்டுவேன், மூடியைத் தொடமாட்டேன். நான் போகும்போது திறக்காமல் என்னோடு எரிக்கச் சொல்லிக் குகனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு நாள் உங்களைக் கேட்டுவிட்ட, இனிக் கேட்காத,
உங்கட மனுசி.