அம்மாவின் சம்மதம்

கடித எண்: 41
2019 மார்ச் 4, திங்கட்கிழமை, காலை 6.40

அன்புத் தங்கைக்கு,

என் உடல்நலத்தில் குறையில்லை. உன் சென்ற கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைப் பார்த்து நானே குறித்துக்கொண்டேன்.

நான் தங்கியிருக்கும் மடாலயத்தில் எனக்குத் துறவு தர இசைந்துவிட்டனர். இது என்ன மார்க்கம் என்று கேட்டிருந்தாய். தேரவாதம் என்றால் மூத்த துறவிகளின் வழி. புத்தரின் சொற்களையும் ஒழுங்கையும் அவர்கள் காத்துத் தந்தபடியே கடைப்பிடிப்பது. இங்கே புத்தர் வரம் தருபவர் அல்லர், வழி காட்டியவர். நடக்க வேண்டியவர் நாம். பற்றே துயரத்தின் வேர். நண்பகலுக்குப் பின் உணவில்லை.

ஒரே தடை, பெற்றோர் சம்மதம். மகனையும் பேரனையும் துறவுக்குக் கொடுத்துத் தவித்த புத்தரின் தந்தையே கேட்டுப் பெற்ற விதி என்கிறார்கள். அறுபத்தெட்டு வயதானாலும் எனக்கு விலக்கில்லையாம். அப்பா இல்லாததால், அம்மாவிடம் கேட்டு எழுதவும்.

அண்ணன்

12.3.2019

அண்ணா,

தேதி போட்டுவிட்டேன், திருப்திதானே?

அம்மா சில நாள் என்னையே "நர்ஸம்மா" என்கிறாள். நீ எட்டிப்பார்த்து மூன்று வருடமாகிறது. தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் என் தலையில். இதில் நீ புதிதாக விடுவதற்கு என்ன பற்று மிச்சமிருக்கிறதோ, தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"அம்மா, அண்ணன் போகணுமாம். அனுப்பலாமா?"

"சாப்டானா?"

"சாப்டான்மா."

"அப்ப போகட்டும். இருட்டுறதுக்குள்ள வந்துடணும்னு சொல்லு."

அன்று முதல் வாசல் விளக்கை அணைக்க விடவில்லை. "வந்துட்டானா?" என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். சம்மதம்தான் கிடைத்துவிட்டதே, சந்தோஷமாகப் போ.

தங்கை

கடித எண்: 42
2019 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை, மாலை 4.15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைத் தலைமைத் துறவியிடம் படித்துக் காட்டினேன். "அதான் சரின்னுட்டாங்களே, அப்புறம் என்ன?" என்றார். திரும்பி வரச் சொல்லி அனுப்புவது துறவுக்கான சம்மதமாகாது என்று விளக்கினேன். சிரித்துவிட்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

23ஆம் தேதி சனிக்கிழமை, பொழுது சாய்வதற்கு முன் வந்து சேர்வேன். குளிப்பாட்டும் நேரத்தையும் முறையையும் வரிசைப்படி எழுதி வைக்கவும். என்னை யாரென்று அம்மா கேட்டால் நீ முந்திக்கொண்டு சொல்லாதே. எத்தனை முறை கேட்டாலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன்

இணைப்பு:
1. தேரவாத அறிமுக நூல், உனக்காக.
2. திரும்பப் பெற்ற துறவு விண்ணப்பம்.
3. பேருந்துச் சீட்டின் நகல். ஒருவழிப் பயணம்.