பொஸ்ரன் வென்றபோது உன் அப்பா

என் செல்ல மகளுக்கு,

எண்பத்தாறு வருடமாக வெல்லாத உங்கள் பொஸ்ரன் பேஸ்போல் அணி இந்த வருடம் கிண்ணம் வெல்லும் என்று சித்திரையிலேயே சொன்னவன் நான். நியூயோர்க்கிடம் முதல் மூன்று ஆட்டமும் தோற்று, மிச்சம் நான்கையும் வெல்லும் என்றும் சொன்னேன். இங்கே மொன்றியலில் நான் வேலை செய்யும் துறைமுகத்தில் இப்போது என்னைப் ‘புரொபெசர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதை விடு. நீ அங்கே போய் அந்தப் பொடியனைக் கலியாணம் செய்த நாளிலிருந்து உன் பெயரையே எடுக்க விடாத என் அண்ணை, உன் அப்பா, என் பக்கத்தில் இருந்து ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்.

“ஏன்ரா அவன் மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறான்?”

“அண்ணை, அமெரிக்காவில அது சட்டம்.”

உண்மையில் ஏன் என்று எனக்கும் தெரியாது. உன் மனுசனிடம் கேட்டு எழுது.

எங்கள் மொன்றியல் அணி ஊரை விட்டே போகிறது. அதைப் பற்றி அவர் மூச்சும் விடவில்லை. பொஸ்ரன் வென்று, அங்கே தெருவில் சனம் துள்ளுவதைக் காட்டியதும் எழும்பிப்போய் ரீவிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

“ஆரைத் தேடுறியள்?”

“ஒருத்தரையும் இல்லை.” பிறகு மெல்லச் சொன்னார்: “பொங்கலுக்கு அவளை வரச் சொல்லு.”

மகள், அந்தக் கடைசி வசனம் நான் சேர்த்தது. அவர் கேட்டது, “என்ர கண்ணாடியை எடுத்துத் தா” என்று மட்டும்தான்.

பொங்கலுக்கு வா.

உன் சித்தப்பா