தங்கை வீட்டுக்கு மேலே போகும் விமானம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் உருண்டைப் பயலும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உருண்டைக்குக் கடைவாய்ப் பல் வந்துவிட்டதா? ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிடு. பல் டாக்டர் கிளினிக்கில் பதினாறு வருஷமாக டோக்கன் கொடுப்பவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். இங்கே பெரிய சேதி, நம் வீட்டுக்கு மேல் விமானம் போவது நின்று மூன்று மாதமாகிறது. பாதையை மாற்றிவிட்டார்கள். அலமாரியில் டம்ளர் ஆடுவதில்லை. அப்பா மட்டும் பழக்க தோஷத்தில் நாலு இருபதுக்குப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறார், சத்தம் வராததால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் முழிக்கிறார். எங்கள் சண்டைகள்தான் நீண்டுபோயின. முன்பெல்லாம் விமானம் வந்து போவதற்குள் யாருக்குக் கோபம் என்றே மறந்துவிடும்.

இருக்கட்டும், எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதைச் சொல்லத்தான். போன வருஷம் நீ வந்தபோது உருண்டை ஒவ்வொரு விமானத்துக்கும் அலறினான், மூன்றாம் நாளே உன் சித்தி காரோடு வந்து, “புள்ள பாவம்க்கா, எங்க வீடு அமைதியா இருக்கும்” என்று உங்கள் இருவரையும் அள்ளிக்கொண்டு போனாள். மிச்சம் பதினெட்டு நாளும் நான் பஸ்ஸில் நாற்பது நிமிஷம் போய், பழப்பையோடு பெல் அடித்து, விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு என் பேரனைப் பார்த்தேன். அவன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பான். தங்கைதான், நான் தூக்கி வளர்த்தவள்தான், ஆனாலும் பொறாமையாக இருந்தது. அப்பாவும் கேட்டார், “உனக்கு அவ மேல பொறாமைதானே” என்று. ஆமாம் என்றேன்.

இப்போது சொல்வதைச் சித்தியிடம் உளறிவிடாதே. விமானப் பாதையை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது நான்தான். கிளினிக்கில் டோக்கனைத் திரும்ப வாங்கும்போது மனுவை நீட்டுவேன். பல் பிடுங்கி வாய் மரத்து வெளியே வருகிறவர்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பாதை எங்கோ ஏரிப் பக்கம் போகும் என்றுதான் நினைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, அது நேராகச் சித்தி வீட்டு மாடி மேல் போய் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் எத்தனை நாள்? புதுப் பாதையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் விமான நிலைய ஆபீஸிலிருந்து இலவசமாக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் காது கிழியக் கிடந்த நமக்கு ஒரு திரைச்சீலை தந்தார்களா?

நீங்கள் மறுபடி வரப்போவதைச் சொல்ல, போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். ஜன்னலைச் சாத்தினாள், சத்தத்தை அணைத்துவிட்ட டிவி மாதிரி விமானம் அது பாட்டுக்குப் போகிறது. “யாரோ வேலையத்தவங்க கையெழுத்து வாங்கி இப்படிப் பண்ணிட்டாங்களாம்க்கா, அவங்க நல்லா இருக்கட்டும்” என்று சிரித்தாள். நான் காபிக்கு இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டேன். அப்புறம், “இந்த ரூம் உருண்டைக்குத்தான். அவங்க வர்ற விமானம் இந்த மாடி மேலதான் போகும், நான் துண்டை ஆட்டுவேன்” என்றாள். முதலில் உன்னை வரவேற்கப் போகிறவளும் அவள்தான். அந்த விமானத்தை அங்கே தள்ளிவிட்டது நான்தான்.

அன்றிலிருந்து உன் அறையில்தான் வேலை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன், உறுமுகிற ஃபிரிட்ஜைக் கூடத்துக் கோடிக்குத் தள்ளினோம், அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு நானே படுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது, ஒரு மணிக்குள் சமையலை முடித்துக்கொள்வதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மூவரும் நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருங்கள். டிக்கெட் போடும்போது ஒன்றை மறக்காதே. விமானம் திரும்பும்போது சித்தி வீடு இடது பக்கம் தெரியுமாம், நீ வலது பக்கம் சீட் வாங்கு. இல்லை, வேண்டாம், பாவம், இடது பக்கமே உட்கார், துண்டு தெரிந்தால் உருண்டையைக் கை ஆட்டச் சொல். ஆனால் அவன் தூங்குவது இங்கேதான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா