ஆற்றோர வயலும் 'மாறியவர்' சான்றிதழும்

ஏப்ரல் 9

பனி உருகி ஆற்றோர வயல் சேறாகிக் கிடக்கிறது. பதினோரு வருடமாக ஊர்க் குழுவிடம் குத்தகைக்கு எடுத்து நான் உழும் முப்பது மூ, அதாவது ஐந்து ஏக்கர் நிலம். ஒரு வருடம் மக்காச்சோளம், மறு வருடம் சோயா. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அடுத்த வசந்தத்தில் குத்தகையைப் புதுப்பிக்க 'மாறியவர்' சான்றிதழ் வேண்டுமாம். சோளத்தின் மேல் சோளமே போட்டு மண்ணைக் கெடுத்தவன் பயிரை மாற்றிப் போட ஆரம்பித்தால் அதைத் தருவார்கள்.

ஏப்ரல் 11

வேளாண்மை அலுவலகத்தில் ஷி என்ற அதிகாரி என் படிவத்தைத் திருப்பித் தந்தாள்.

"நீங்க எங்கே மாறினீங்க?"

"நான் எப்பவுமே மாத்தி மாத்தித்தானேம்மா போடுறேன்."

"அதான் பெரியவரே பிரச்சினை. மாறுறதுக்கு உங்ககிட்ட தப்பு ஒண்ணும் இல்லையே. போன வருஷம் சோளம்தானே? இந்த வருஷமும் சோளம்னு எழுதிக் குடுத்துட்டு அதையே போடுங்க. அடுத்த வருஷம் திருந்திட்டேன்னு வாங்க."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்தான். குடிக்க வெந்நீர்கூடக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12

பக்கத்து வயல் தெங் பாவ்கூவுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஒன்பது வருடம் சோளமாகவே போட்டவன், இந்த வருடம் சோயா என்று எழுதிக் கொடுத்தானாம்! சட்டையில் சிவப்புப் பூ குத்திப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் வந்தான். "லுவான் அண்ணே, சோயா விதைக்கு எத்தனை விரக்கடை இடம் விடணும்?"

சொல்லித் தொலைத்தேன்.

மே 3

என் மனைவி குவெய்ஜி: "ஏய்யா, ஊர்ல அவனவன் சும்மாவே கெட்டுப்போறான். ஒரு வருஷம் கெட்டுப்போக உனக்கு அவ்வளவு வலிக்குதா?"

வலிக்கிறது.

மே 8

நாலு ஓரத்திலும் சோளம் விதைத்தேன். நடுவில் — வேண்டாம், எழுத வேண்டாம்.

மே 9

எழுதிவிடுகிறேன். நடுவில் பன்னிரண்டு மூ சோயா. கை கேட்கவில்லை. சோளம் வளர்ந்தால் மறைத்துவிடும். இந்த வயதில் நல்ல பயிரைக் கஞ்சா மாதிரி ஒளித்து வளர்க்கிறேன்.

ஜூன் 14

தெங் எட்டிப் பார்த்தான்.

"நடுவுல என்னண்ணே?"

"களை."

"வரிசையா முளைச்சிருக்கே?"

"ஒழுக்கமான களை."

ஆகஸ்ட் 21

பறக்கும் கேமரா வந்தது. தொப்பியை ஆட்டி விரட்டினேன். காக்கையா அது, போக?

ஆகஸ்ட் 27

ஷி படத்தை மேசையில் வைத்தாள். சோளத்துக்கு நடுவே என் சோயா, சதுரமாக, அழகாக.

"மண்ணைக் கெடுக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஏமாத்தி நல்லா வச்சிருக்கீங்களே!"

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

எதற்கு மன்னிப்புக் கேட்டேன்? வீடு வரும்வரை யோசித்தேன். தெரியவில்லை.

மார்ச் 30

சான்றிதழ் இல்லை. ஆற்றோர வயல் தெங்குக்குப் போய்விட்டது. குவெய்ஜி முட்டைக்கோஸ் ஊறுகாய்க் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். "ஒழுங்கா கெட்டுப்போகக்கூடத் தெரியல உனக்கு." பிறகு அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 26

தெங் வந்தான். பை நிறைய வறுத்த சூரியகாந்தி விதை கொண்டுவந்திருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே... ஆத்தோர வயல்ல இப்போ என்ன போடணும்?"

முழுக்கச் சோளமே போடுடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓரத்துல சோயா. நடுவுல சோளம். மாத்திப் போட்டுடாதே."

உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டான்.

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் வந்து கேளு."