கோட்டின்மேல் நின்ற விமானம்

பெம்பினா, வட டகோட்டா
1940 ஜனவரி 21

அன்புள்ள ஐனார்,

குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், ஒட்டாவாவில் நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மாதக் கடைசியில் கனடா விமானப்படையில் கையெழுத்துப் போடப் போவதாக நீ எழுதியதை அம்மா மாவுக் கையோடு வாங்கிப் படித்தாள், அன்று வீட்டில் ரொட்டி சுடவில்லை. "நீங்க சொன்னா கேப்பான், திரும்பி வரச்சொல்லி எழுதுங்க" என்று ஒரே பேச்சு.

அதற்குத்தான் உட்கார்ந்தேன். சென்ற போரில் உன் சித்தப்பா பிரான்சில் விஷப்புகையில் செத்ததும், அயல்நாடுகளோடு நிரந்தரக் கூட்டு வேண்டாம் என்று நம் முதல் ஜனாதிபதி சொன்னதை வகுப்பில் நடத்தியதற்காக என் வாத்தியார் வேலை போனதும், நம் ஊர் லுட்விக் ஆள் சேர்த்து வந்து நம் கதவில் துரோகி என்று மஞ்சள் பெயின்ட் அடித்ததும் உனக்குத் தெரியும். அதே லுட்விக் இன்று, இந்தப் போரில் அமெரிக்கா சேரக் கூடாது என்னும் நடுநிலைமைச் சங்கத் தலைவன், நான் அன்று சொன்னதையே மேடையில் சொல்கிறான், கதவைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

வியாழக்கிழமை, கனடாவுக்கு விற்ற ஒரு குண்டுவீச்சு விமானம் எல்லையோரத்து நம் வயலில் இறங்கியது. கனடா மாதிரி போரிடும் நாட்டுக்குள் நம் விமானி பறந்து போகக் கூடாது என்பது சட்டம், அதனால் எல்லைக்கோடு வரை நம் குதிரைகள் இழுக்க வேண்டும், பிறகு கனடாக் குதிரைகள். வேடிக்கை பார்க்க வந்த லுட்விக், "என்ன வாத்தியாரே, நடுநிலைமைய கயிறு கட்டி இழுக்குறீங்க போல" என்றான். நம் குதிரைகளை அவிழ்த்தாயிற்று, அந்தப் பக்கத்துக் குதிரைகள் இழுக்கத் தொடங்கியதும் விமானம் பனியில் புதைந்துகொண்டது, முன்சக்கரங்கள் கனடாவில், வால் நம் நாட்டில். சுங்க அதிகாரி "யாரும் கிட்டப் போகாதீங்கப்பா, இனிமே தொட்டா குத்தம்" என்றார். அந்தப் பக்கத்து விவசாயி, "கொஞ்சம் தள்ளிவிட்டா உங்க நாடு முழுகிடுமா?" என்று கத்தினான். நான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். விமானியின் இருக்கை காலியாக இருந்தது, பட்டை அவிழ்ந்து தொங்கியது, உன் தோள் அளவுக்குச் சரியாக இருக்கும் என்று பட்டது. எப்படி என்று கேட்காதே, போய் வாலில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். விமானம் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். லுட்விக்கிடம், "மிச்ச பெயின்ட் இருந்தா எடுத்துட்டு வாடா" என்றேன்.

அப்படித் தள்ளிவிட்டு வந்து, உன்னைத் திரும்பி வா என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. போ என்றும் சொல்ல மாட்டேன். வரச்சொல்லி எழுதிவிட்டதாக அம்மாவிடம் பொய் சொல்லப் போகிறேன், காட்டிக் கொடுத்துவிடாதே.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் நம் குடியுரிமை போய்விடும், பிரமாணம் இல்லாமல் சேர்ப்பார்களா என்று கேள். பிரமாணம் செய்தே ஆக வேண்டுமென்றாலும் பரவாயில்லை, போர் முடிந்ததும் நம் வயல் வழியாக வா, காவல் இல்லாத இடம் எனக்குத் தெரியும். நடந்து வருவதற்குக் கால் இரண்டும் இருந்தால் போதும்.

உன் அப்பா,
ஹல்வோர் நைகார்ட்