மூன்று பேரிடம் சொன்ன ஒரு சொல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தொழில் பேச்சு எதுவும் உங்கள் காதுக்குப் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே "சரி சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் நம் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதறாமல் படியுங்கள். சலவைக்கூடத்தில் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. பாய்லர் பார்க்கும் நம் விசில்காரர் கையில் நீராவி அடித்துவிட்டது. முழங்கை வரை கட்டு. அவர் விசிலடிக்கும் சத்தம் இல்லாத பாய்லர் அறைக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

வால்வு கசிவதைப் பார்த்து நான்தான் அணைக்கச் சொன்னேன், மெக்கானிக் வந்த பிறகு மூட்டலாம் என்று. நான் அந்தப் பக்கம் போனதும் உங்கள் மைத்துனர் வந்து, ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும், மூட்டு என்றிருக்கிறார். பாவம் அந்த மனிதர், இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்து, தீயைப் பாதியாகக் குறைத்து ஓட்டியிருக்கிறார். கசிந்த வால்வு பிய்த்துக்கொண்டது.

அப்புறம் அலுவலக அறையில் நானும் உங்கள் மைத்துனரும் அடிதடிக்குப் போகாத குறை. "மாமா எங்கிட்டதான் பாத்துக்கச் சொன்னாரு" என்று அவர் கத்த, "எங்கிட்டயுந்தான் சொன்னாரு" என்று நான் கத்த, லீவு சொல்ல வந்து வாசலில் நின்ற விசில்காரர் மெதுவாக, "கிளம்பும்போது ஐயா எங்கிட்டயும் அதத்தாம்மா சொன்னாரு" என்றார்.

"பாத்துக்கோ", அது என்ன சொல் அண்ணா? வந்த விருந்தாளியை மூன்று பேர் பார்த்துக்கொள்ளலாம். பாய்லரை முடியுமா? எனக்குத் தெரியும், என்னைப் பொறுப்பு என்று சொன்னால் தம்பியை ஒதுக்கிவிட்டீர்களே என்று அண்ணி முகம் வாடும், உங்கள் மைத்துனரைச் சொன்னால் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். எங்கள் இரண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று பார்த்தீர்கள். வெந்தது விசில்காரர் கை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

புது வால்வு மாட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை மூட்ட வேண்டும். மூட்டு, அணை என்று சொல்ல ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். அது யார் என்று உங்கள் கையால் எழுதி டிரைவரிடமே கொடுத்தனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் படித்துவிடுகிறேன். உங்கள் மைத்துனர் என்றால், அவர் சொன்னபடி கேட்பேன், சத்தியமாக. நான் என்றால், நான் அணைத்த பிறகு யாரும் மூட்டச் சொல்லக் கூடாது, நீங்களும் போன் போட்டு உள்ளே நுழையக் கூடாது. பதில் வராவிட்டால் பாய்லர் அறைச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. விரிப்பு துவைக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. உங்கள் மாத்திரையை அண்ணியும் எடுத்துத் தருகிறாராம், நர்ஸும் தருகிறாராம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டு பேரும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு பேருமே மறந்துவிட்டால்? யாராவது ஒருவரைச் சொல்லிவிடுங்கள் அண்ணா. யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீங்கள் முழுசாகத் திரும்பி வர வேண்டும்.

உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
தங்கை