நான் கைநாட்டு வைத்த மனு

முதல் கடிதம்

என் பாப்பாவுக்கு, அப்பா தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இது யாரோ எழுதிக் கொடுத்ததில்லை, சத்தியமாக நானேதான். நூலக மாடியில் பெரியவர்களுக்கு மத்தியான வகுப்பு நடத்துகிறார்கள். எட்டு மாதமாகப் போகிறேன். உன்னிடம் போனில் மூச்சு விடவில்லை. ஒரேயடியாகக் கடிதம் போட்டு உன்னைத் திகைக்க வைக்கவேண்டும் என்று ஆசை. வாத்தியார் தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில் என் எழுத்தைப் பார்த்து, "விலாசம் தெரியாத கடுதாசி மாதிரி இருக்கே, எங்க போய்ச் சேருமோ" என்றார். பக்கத்தில் உட்காரும் தையல்காரர் 'ழ' போடும்போதெல்லாம் நாக்கைத் துருத்துவார். நானும் துருத்துகிறேனாம், அவர் சொல்கிறார்.

பாப்பா, தெருவில் சும்மா நடக்கவே முடியவில்லை. எல்லாச் சுவரும் ஏதாவது சொல்கிறது. என் சாவிக் கடைக்கு எதிரே ஒரு பலகை உண்டே, அதில் 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருஷம் அதன் மேலேயே சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். போலீஸ்காரியைப் பெற்றவன்! யாரும் பிடிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம்.

இந்த மாதக் கடைசியில் நீ ஓய்வு பெறுகிறாய். முப்பத்திநாலு வருஷம். நீ சேர்ந்தபோது எட்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான். ஊரில் எந்த வீட்டுப் பூட்டு உடைந்தாலும் முதலில் சாவிக்காரனைத்தானே கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க விடுவார்கள். நீ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். பார்த்தும் அதே இடத்துக்கு வேலைக்குப் போகிறாளே என்று எனக்குக் கோபம்.

போன வாரம் உன் நகரத்தில் சாவி போடும் ஒருவர் கடைத்தெருவில் பேச்சுக் கொடுத்தார். ஒரு திருட்டுக் கேசில் உன் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்களாம். "பயந்துக்கிட்டே போனேன் அண்ணே. அந்தம்மா நாற்காலி போடச் சொல்லி, தண்ணி குடுத்து, கேக்க வேண்டியதக் கேட்டுட்டு அரை மணியில அனுப்பிட்டாங்க. அங்க யாரையும் தரையில உட்கார வைக்கறதே இல்ல" என்றார். அவள் என் மகள் என்றேன். "அப்ப கமிஷனர் என் மச்சான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நீ இதையெல்லாம் சொல்வதில்லை. முன்பெல்லாம் உன் வேலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாய். பல வருஷமாக "சாப்பிட்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா" என்பதோடு சரி. பதவி ஏற ஏறப் பேச்சு குறையும் போலிருக்கிறது.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை இனி நானே படிக்கப்போகிறேன். உன் அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் உன் மேலதிகாரிக்கு உனக்காக ஒரு மனு கொடுத்தேனே, அதன் நகல் பத்திரமாக இருக்கிறது. முதலில் அதைத்தான் எடுக்கப்போகிறேன். உன் உத்தியோகத்துக்கு இந்த அப்பன் செய்த ஒரே காரியம் அல்லவா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


இரண்டாம் கடிதம்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. வாரம் தவறாத உன் போன் இந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மனுவைப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. முதல் நாள் நம் வீட்டு விலாசமும் உன் பெயரும் வந்தன. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டாம் நாள், 'பெற்ற தாய் உயிருக்குப் போராடும்போது எட்டிப் பார்க்காதவள்' என்று வந்தது. வேறு யாரைப் பற்றியோ எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். லீவு கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறி வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டவள் நீ. மூன்றாம் நாள், 'லஞ்சம் வாங்குபவள், சீருடைக்குத் தகுதியற்றவள், வேலையை விட்டு நீக்க வேண்டும்' என்று முடிந்தது. அதன் கீழே என் கட்டைவிரல்.

வாத்தியாரிடம் எடுத்துப் போய், நான் தப்பாகப் படிக்கிறேனா என்று கேட்டேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரியாத்தான் படிக்கறீங்க" என்றார். எட்டு மாதத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நடந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவரிடம் போய், என் மகளை இந்த ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றச் சொல்லி எழுதுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். "சும்மா கேட்டா ஃபைல்லயே தூங்கிடும் பெரியவரே. காரமா எழுதினாத்தான் அசைவாங்க" என்றார். "காரமாவே எழுதுங்க, அவ வந்தாப் போதும்" என்றேன். படித்துக் காட்டவா என்று அவர் கேட்டார், பாப்பா. அதை மறைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு விரலை நீட்டினேன். கடை திறக்கும் அவசரம். ஒரு சாவியைக்கூடப் பூட்டில் போட்டுப் பார்க்காமல் யார் கையிலும் கொடுத்ததில்லை நான்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து, "உனக்காக ஒரு காரியம் பண்ணியிருக்கேன், தெரியவரும் பாரு" என்று சிரித்தேன். பத்து நாள் கழித்து நீ கூப்பிட்டாய். "தெரிஞ்சுதுப்பா" என்றாய். சந்தோஷத்தில் உனக்குப் பேச்சு வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன். மாற்றல் வராதபோதும், மேலிடம் மசியவில்லை என்றுதான் நினைத்தேன்.

மீதியை உன் பழைய ஏட்டய்யா சொன்னார். ஓய்வு பெற்று அடுத்த தெருவில்தான் இருக்கிறார். மனுவைப் பார்த்ததும், "இதக் குடுத்தது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் அழுத பிறகுதான் சொன்னார். இரண்டு வருஷம் உன் மேல் விசாரணை. பதவி உயர்வு ஐந்து வருஷம் தள்ளிப்போனது. மனு கொடுத்தவரைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று உன் அதிகாரி சொன்னாராம். நீதான், "அவரை மட்டும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடாதீங்க சார், அவர் உட்கார்ந்த வரைக்கும் போதும்" என்று கெஞ்சினாயாம்.

நான் அப்படிச் சொன்னேன் என்று நம்பிக்கொண்டே எனக்காகக் கெஞ்சியிருக்கிறாய். நம்பிக்கொண்டே மாதாமாதம் மருந்து அனுப்பியிருக்கிறாய். அம்மா போன அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஏம்ப்பா இப்படிச் செய்தாய் என்று. உன்மேல் குறை சொல்லவில்லை. எட்டு மாதம் பேசாதவனிடம் எப்படிக் கேட்பாய்.

அந்த ஐந்து வருஷம்தான் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் பிரிவில் நீ இருந்தாய் என்றார் ஏட்டய்யா. தண்டனையாகப் போட்ட இடமாம். பிறகு பதவி உயர்ந்து வேறு இடம் கொடுத்தபோது, இன்னும் சில வருஷம் இங்கேயே இருக்கிறேன் என்று நீயே எழுதிக் கேட்டாயாம். "மேடம் எத்தனை அம்மாக்கள் கையில பிள்ளையத் திருப்பிக் குடுத்திருக்காங்க தெரியுமா" என்றார். எனக்குத் தெரியாது. உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அந்த மனுவில் இருப்பது ஒன்றும் என் வார்த்தை இல்லை. என் வார்த்தை இதுதான்: என் மகள் யாரையும் கைவிட்டவள் இல்லை, யாரிடமும் கை நீட்டியவள் இல்லை. இதை உன் மேலிடத்துக்கும் தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, வாத்தியாரிடம் கொடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கடைசி நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார். பறிபோன அந்த ஐந்து வருஷத்தை எந்தத் தபாலில் அனுப்புவது என்று தெரியவில்லை.

உன் பிரிவு உபசார விழாவுக்குக் குடும்பத்தார் வரலாம் என்று ஏட்டய்யா சொன்னார். பின் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். யார் என்று கேட்டால்கூடச் சொல்லமாட்டேன். நீ அந்தச் சீருடையில் நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

போனில் சொல்லாதே, எனக்குக் காது மந்தம், உனக்கும் கஷ்டம். வரட்டுமா வேண்டாமா என்று ஒரு வரி எழுதிப் போடு. வேண்டாம் என்று எழுதினாலும் பரவாயில்லை, பாப்பா. யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

அப்பா